ஆடி மாதத்து மாப்பிள்ளைக்கு

மகனே, உன் மனைவி ஹேமா காலையிலேயே பஸ் ஏறிச் சென்னைக்குப் போயிருக்கிறாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது, நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும் என்று விசா மையத்திலிருந்து நேற்று செய்தி வந்தது. விசா கொடுத்தார்களா, மறுத்தார்களா என்பதற்கு அதில் ஒரு வார்த்தை இல்லை. உறையைப் பிரித்தால்தான் தெரியும். நானும் துணைக்கு வருகிறேன் என்றேன். "வேணாம் அத்தை. இல்லன்னு வந்துச்சுன்னா, உங்க மொகத்தப் பாத்துக்கினு என்னால பஸ்ல வர முடியாது" என்றாள். அதனால் இங்கே உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். செய்திக்காகக் காத்திருந்தே வயதானவளுக்கு வேறு என்ன தெரியும். இதை ஞாயிற்றுக்கிழமை இதழில் போடப்போகிறார்கள் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். நாட்டின் பெயர் வேண்டாம், வேலை பார்க்கும் இடத்தின் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாய். இரண்டும் இதில் இல்லை. உன் கல்யாணத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று மட்டும் நீ சொல்லவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் காஞ்சிபுரத்துச் செய்தியாளராக இருந்துவிட்டேன். எந்த உத்தரவு வந்தாலும் இந்த ஊர் முதலில் சிரிக்கும், பிறகு தள்ளிப்போடும், கடைசியில் தனக்கு வேண்டியபடி வளைத்துக்கொள்ளும். ஆடி மாதத்தில் கல்யாணம் செய்தால் என்ன என்று மேடை போட்டுப் பேசியவர்களின் கூட்டங்களுக்குப் போய் நான் செய்தி எழுதியிருக்கிறேன். பேசியவர்களின் வீட்டுக் கல்யாணங்கள் ஆவணியில்தான் நடந்தன. பத்திரிகை கொண்டுவந்து கொடுத்துச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டும் வந்தேன். அப்படிப்பட்ட ஊரில் இந்த வருஷம் ஆடியில் தாலி கட்டினார்கள். ஒரு வீட்டில் இல்லை, பல வீடுகளில். கட்ட வைத்தது, கடல் தாண்டி இருக்கும் ஒரு நாடு தன் விசா விதியில் சேர்த்த ஒரே ஒரு வாக்கியம். அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ ஒரு பக்கத்திலிருந்துதான் பார்த்தாய். நிச்சயம் முடிந்து ஆவணி முகூர்த்தத்துக்கு எல்லாம் பேசியாகிவிட்டது. ஆனி முடியும் சமயத்தில் நீ போனில் கூப்பிட்டுச் சொன்னாய்: முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள் இனி கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள முடியாது, குறிப்பிட்ட ஒரு தேதிக்கு முன்னால் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் பழைய விதி. அந்தத் தேதி ஆடியின் நடுவில் வந்தது. விண்ணப்பிக்கக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். நீ லீவு சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். நீ வந்து இறங்குவதற்குள் உன் அப்பாவை அவருடைய பிடிவாதத்திலிருந்து நான் இறக்க வேண்டியிருந்தது.

"ஆடியில தாலி கட்டுவானாமா? நாடு சிரிக்கும்" என்றார்.

"எந்த நாடு?" என்றேன்.

"ரெண்டு நாடும்தான்."

ஆவணி வரைக்கும் பொறுத்தால் என்ன, விதியை மறுபடி மாற்றமாட்டார்களா, அடுத்த வருஷம் வேறு யாராவது ஆட்சிக்கு வந்து திறந்துவிடமாட்டார்களா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னாங்க, ஆயுசு முச்சூடும் கண்டக்டரா இருந்தவரு நீங்க. கடைசி பஸ்ஸுன்னா இன்னான்னு உங்களுக்கா நான் சொல்லணும்?" என்றேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். டீ குடித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சொன்னார்: "கட்டட்டும். ஆனா ஆடி முடியிற வரைக்கும் பொண்ணு அவங்க அம்மா வீட்டுலதான் இருக்கணும். அதுல மட்டும் நான் விடமாட்டேன்." புதிதாய்க் கல்யாணம் ஆன பெண்ணை ஆடிக்குத் தாய்வீடு அனுப்புவது எல்லோரும் செய்வது. ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று அதற்கு ஒரு கணக்கு. அந்த வழக்கத்தில் பாதியை உடைத்துவிட்டு மீதிப் பாதியைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தார் உன் அப்பா. பிள்ளையார்பாளையத்தில் உன் மாமியாருக்கும் அதில் பெரிய நிம்மதி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நீ வந்து இதைக் கேட்டதும், உனக்குப் பிடிக்கவில்லை என்பது உன் முகத்திலேயே தெரிந்தது.

மண்டபத்து மேனேஜர் நான் தேதியைச் சொன்னதும், "மேடம், மாசத்த மாத்திச் சொல்றீங்க போல" என்றார். இல்லை என்றேன். "ஆடியில நாங்க மண்டபத்துக்கு வெள்ளையடிப்போம் மேடம். சாரம் கட்டியாச்சு, பாதிச் சுவரு முடிஞ்சிக்கினு இருக்குது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க மட்டும் கேக்கல. இன்னும் சில பேரு கேட்டுட்டாங்க. எல்லாம் வெளிநாட்டு மாப்பிள்ளைங்க. இன்னா மேடம் நடக்குது அங்க?" என்றார். அவிழ்த்த சாரம் பின்பக்கம் கிடக்க, பாதி புதுச் சுவரும் பாதி பழைய சுவருமாய் உன் கல்யாணம் நடந்தது. நாதஸ்வரக்காரர் நான் விளையாடுகிறேன் என்றே நினைத்தார். ஆடியில் அவருக்கு அம்மன் கோயில் ஊர்வலம் மட்டும்தான். "கூழு ஊத்துற எடத்துல காத்துக்கினு இருப்பாங்க, சீக்கிரம் முடிச்சிடுங்கம்மா" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் வந்தார். தெரு முனையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் மாரியம்மன் பாட்டு, மண்டபத்துக்குள் கெட்டிமேளம். இரண்டுக்கும் நடுவில் நீ தாலி கட்டினாய். உன் பெரியப்பா பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா சம்பந்தியம்மா, ஆடித் தள்ளுபடியில மாப்பிள்ளை எடுத்தீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். உன் மாமியார் சாம்பார் வாளியைக் கீழேகூட வைக்கவில்லை. "ஆமாங்க. ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம்னாங்க. மாமியாரையும் சேர்த்துக் குடுத்துட்டாங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் இந்தச் சம்பந்தம் நிலைக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் நான் வாயடைத்து நின்றது மண்டபத்தில் இல்லை. கைரேகை கொடுக்க ஹேமாவைச் சென்னைக்கு அழைத்துப்போனோமே, அந்த விசா மையத்தில். மாடிப்படி வரைக்கும் வரிசை. நீ டோக்கன் வாங்க முண்டியடித்துக்கொண்டிருந்தாய், உனக்குப் பார்க்க நேரமில்லை. நான் பார்த்தேன். அந்த வரிசையில் நின்ற பெண்களின் கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. கையில் மருதாணி சிவப்பு மங்கவில்லை. ஏசி போட்ட அந்த அலுவலகம் முழுக்கப் பசு மஞ்சள் வாசனை. வேலூர்ப் பெண், கடலூர்ப் பெண், மதுரைப் பெண், எல்லோருமே ஆடியில் கல்யாணம் ஆனவர்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒரு அதிகாரி ஒரு தேதியை எழுதினார். நம் பஞ்சாங்கங்களில் முகூர்த்தமே குறிக்காத மாதத்தில் இத்தனை பெண்கள் மணப்பெண்கள் ஆனார்கள். ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு தூரம் கை நீளும் என்று, வாக்கியம் எழுதியே பிழைத்த எனக்கு அதுவரை தெரியாது.

போன மாதம் அந்த நாட்டில் கணக்கு வெளியிட்டார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது என்று மந்திரி சந்தோஷப்பட்டிருந்தார். இன்னும் குறையவேண்டும் என்று எதிர்க்கட்சி. அந்தச் செய்தியை ஒரு தடவைக்கு நாலு தடவை படித்தேன். அது பொய் இல்லை. விதி இறுகினால் வருகிறவர்கள் குறைவார்கள், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த எண் சொல்லாதவை சில உண்டு, அவற்றை நான் இந்தப் பக்கத்திலிருந்து கண்ணால் பார்த்தேன். தேதி அறிவித்த உடனே எண்ணிக்கை குறையவில்லை, ஏறியது. ஆவணியில், ஐப்பசியில், அடுத்த தையில் கல்யாணம் செய்து சாவகாசமாகப் போயிருக்கவேண்டியவர்கள் எல்லாம் ஆடிக்குள் வந்து குவிந்தார்கள். அடுத்து வந்த சரிவில் ஒரு பகுதி, முன்கூட்டியே வந்துவிட்டவர்களின் காலியிடம். இன்னொன்றும் உண்டு. இந்தத் தீபாவளிக்கு நீ வரவில்லை. வெளியே வந்தால் திரும்ப விடுவார்களோ என்ற பயத்தில் உன்கூட வேலை பார்ப்பவர்களும் ஊருக்குப் போகவில்லை என்றாய். சம்பாதித்தது போதும், ஊருக்கே வந்துவிடலாம் என்றிருந்த உன் அறைத் தோழரும், ஒருமுறை வெளியேறினால் முடிந்தது கதை என்று தங்கிவிட்டார். உள்ளே வரும் கதவை இறுக்கினால் வெளியே போகும் கதவும் சேர்ந்து இறுகிக்கொள்கிறது. அதோடு, புது ஆட்கள் வராததால் நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக் கிழவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நீ ஒரு ஷிஃப்ட் முடிந்து இன்னொரு ஷிஃப்டும் நிற்கிறாய். எண் அங்கே குறைந்தது. உன் முதுகுவலி கூடியது.

போனில் நடந்த அந்தப் பேச்சில்தான் நீ ஒன்று சொன்னாய். "அவங்களும் இன்னாம்மா பண்ணுவாங்க? இவ்ளோ பேரு வந்துக்கினே இருந்தா நாடு தாங்குமா?" என்றாய். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு நாடு தன் வாசலில் நின்று எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதில் தப்பில்லை. நம் வீட்டுக்கு வந்தாலும் நாம் பார்த்துத்தான் உள்ளே விடுவோம். அந்த நாட்டின்மேல் கோபப்படாதே, அது உனக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, நின்றுகொண்டிருப்பவர்களைப் பார்த்து "இடம் இல்லை" என்று சொல்கிற ஆளாக நீ மாறிவிடாதே. கூட்ட பஸ்ஸில் ஏறிய நிமிஷமே அப்படிக் கத்துகிறவர்களை உன் அப்பா ஆயுள் முழுக்கப் பார்த்திருக்கிறார். நீ "இவ்ளோ பேரு" என்றாயே, அதில் ஒருத்தி ஹேமா.

இதற்கெல்லாம் முன்னால், புரட்டாசியில், விசா அலுவலகத்திலிருந்து ஹேமாவுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதில் சந்தேகம் எழுந்திருக்கிறது, விளக்கம் தேவை என்று இரண்டே விஷயம். உங்கள் சமூகத்தில் வழக்கமாகத் திருமணம் நடக்காத மாதத்தில் உங்கள் திருமணம் நடந்திருக்கிறது, ஏன்? திருமணத்துக்குப் பிறகு நீங்களும் உங்கள் கணவரும் ஒரே முகவரியில் வசிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏன்? அதாவது இது விசாவுக்காகச் செய்த பொய்க் கல்யாணமா என்று கேட்கிறார்கள். ஹேமா படித்துக் காட்டியதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பிரமிப்பு. அங்கே ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் ஆடி தெரிந்திருக்கிறது! உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படிக்கச் சொன்னார். "அவனுக்கு எப்பிடிடி ஆடி தெரியும்? நம்ம ஊரு ஆளு எவனோ உள்ள இருக்கான்" என்றார். அவர்களுடைய விதிதான் அந்த மாதத்தில் கல்யாணத்தை நடத்தியது. அந்த மாதத்தில் நடந்ததே இப்போது சந்தேகம். வழக்கத்தை உடைத்தது ஒரு குற்றம், அதே வழக்கத்தைக் காப்பாற்றிப் பெண்ணைத் தாய்வீட்டில் வைத்தது இன்னொரு குற்றம். பாவம், ஹேமா உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். ஒரே வீட்டில் இருந்தோம் என்று போட்டிருந்தால் இரண்டாவது கேள்வியே வந்திருக்காது.

நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். மண்டபத்து மேனேஜரிடமும் நாதஸ்வரக்காரரிடமும் போய் நடந்ததை எழுதி வாங்கினேன். இந்த ஆடியில் அந்த மண்டபத்தில் நடந்த மற்ற கல்யாணங்களும் விசா தேதிக்காகவே நடந்தவை என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். முதல் கேள்விக்கு அது போதும். இரண்டாவதற்கு என்ன செய்வது? ஆடி முடிவதற்குள் நீ திரும்பிப் போய்விட்டதால் ஹேமா எங்கள் வீட்டில் ஒரு நாளும் தங்கவில்லை, அது உண்மை. நான் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது உன் அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார். "எழுது. நான்தான் பிரிச்சு வெச்சேன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். எழுதினேன். "அது மட்டும் பத்தாது. இதையும் எழுது" என்று மேலே சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னது இது: "கல்யாணம் முடிந்து ஊரில் இருந்த ஒரு வாரமும் என் மகன் சாயங்காலம் ஆனால் பெட்ரோல் போடப்போகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவான். அவன் போட்டதாகச் சொன்ன பெட்ரோலுக்கு அந்த வண்டி ராமேஸ்வரம் போய்த் திரும்பியிருக்கும். ஏகாம்பரநாதர் கோயில் வெளிப் பிராகாரத்தில் அவனும் அவன் மனைவியும் நடை சாத்தும்வரை உட்கார்ந்திருப்பார்கள். நான் தினமும் கோயிலுக்குப் போகிறவன். அவர்களைப் பார்த்துவிட்டு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவேன். நான் சேர்ந்திருக்கக் கூடாது என்று சொன்னவன். அவர்கள் சேர்ந்தே இருந்தார்கள்."

உன்னிடம் இதைச் சொல்லவேண்டாம் என்றார். ஆனாலும் சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வருஷமாக அந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன், அவர் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. முட்டி வலியோடு அவ்வளவு பெரிய பிராகாரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்திருக்கிறார், நீங்கள் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக. நான் அதை ஆங்கிலத்தில் மாற்றும்போது ராமேஸ்வரத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும். ஆடி தெரிஞ்சவனுக்கு ராமேஸ்வரம் தெரியாதா?" என்றார்.

இவ்வளவு எழுதி முடிக்கும்போது போன் அடித்தது. கூப்பிட்டது ஹேமா. அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

"அத்தை, உள்ள வந்துட்டேன். இங்க யாருமே இல்ல அத்தை."

"யாருமே இல்லன்னா?"

"கூட்டமே இல்ல. அன்னிக்கு நின்னோமே படிக்கட்டு, அங்க ஒரு ஆளு இல்ல. நாற்காலி எல்லாம் காலியா கெடக்குது. செக்யூரிட்டி அண்ணன் என்னப் பாத்துட்டு எழுந்து நின்னாரு. இப்பல்லாம் யாரும் வர்றது இல்லம்மா, நீ எப்பிடின்னு கேட்டாரு."

அந்த நாட்டு மந்திரி சந்தோஷமாகச் சொன்ன எண்ணை அப்போதுதான் நான் முழுசாகப் பார்த்தேன். அது ஒரு காலி அறை. மஞ்சள் வாசனை இல்லாத ஏசிக் காற்று. நடுவில் ஒரே ஒரு பெண், கையில் பிரிக்காத உறையோடு. "அத்தை, லைன்ல இருங்க, பிரிக்கிறேன்" என்றாள். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. பக்கங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. உன் அப்பா என் முகத்தைப் பார்த்தபடி வாசற்படியில் நின்றார்.

"இருக்குது அத்தை" என்றாள். "விசா ஒட்டியிருக்குது. எம் பேரு இருக்குது."

நான் அழுததால் உன் அப்பா போனை வாங்கிக்கொண்டார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "எந்தத் தேதிக்குள்ள போவணும்னு போட்டுருக்குதும்மா?" என்று கேட்டார். அவள் தேதி சொன்னாள். அவருடைய கண் தானாகச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டிக்குப் போனது. கிட்டே போய்த் தாள்களைத் தூக்கிப் பார்த்தார். மார்கழி. புதிதாக எதையும் தொடங்காத, வீடு மாறாத, பெண்ணைப் புகுந்தவீட்டுக்கு அனுப்பாத மார்கழி. தை பிறப்பதற்கு முன்னாலேயே கெடு முடிந்துவிடுகிறது. தாளை மெதுவாகக் கீழே விட்டார்.

"மாமா, மார்கழியா வருதா?" என்று ஹேமாவே கேட்டாள். அவளும் இந்த ஊர்ப் பெண்தானே.

"அங்க ஏதும்மா மார்கழி" என்றார் உன் அப்பா. "அங்க வெறும் குளிருதான். வர்ற வழியில நல்ல கம்பளியா ஒண்ணு பாத்து வாங்கிக்கினு வா. நேரா நம்ம வீட்டுக்கே வந்துடும்மா, இனிமே இங்க இருந்து கிளம்பலாம்."